கடலில் பாயும் பறவைகளைப் பார்த்துப் பழக: யாழ்ப்பாணக் கரையிலிருந்து முழுமையான வழிகாட்டி

பூபி என்ற, தலைகீழாகக் கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும் பெரிய கடற்பறவையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களை நான் முதலில், யாழ்ப்பாண நகரத்தையும் தீவுகளையும் இணைத்துக் களப்பின் குறுக்கே போகும் பண்ணைப் பாலத்துக்குத்தான் கூட்டிப் போவேன். பூபி அங்கே வராது. ஆனால் தலைகீழாகப் பாய்ந்து மீன் பிடிப்பது என்றால் என்ன என்று கண் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் நம்மூரில் இல்லை. நூறு பாய்ச்சல் பார்க்காதவரின் கண்ணில், கடலில் விழுகிற எல்லாப் பறவையும் ஒன்றுபோலவே இருக்கும். அப்படி இருக்கும்போது பூபி முன்னால் வந்து விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் களப்பு, பிறகு வடகரை, கடைசியாகப் படகு. இதை மாற்றிச் செய்தவர்கள் பெரும்பாலும் படகில் வாந்தியெடுத்து, ஒன்றும் பார்க்காமல் திரும்பியிருக்கிறார்கள்.

1. எவை பாயும், எவை பாயாது

முழு உடம்போடு அலகு முன்னால் வரத் தண்ணீருக்குள் விழுகிறவை நம் கரையில் பெரும்பாலும் ஆலாக்கள் (ஆங்கிலத்தில் tern). காஸ்பியன் ஆலா, பெரிய கொண்டை ஆலா, சின்னக் கொண்டை ஆலா, சின்ன ஆலா ஆகிய நான்கையும் முதலில் பழகுங்கள்.

அலகைப் பார்த்தால் போதும். காஸ்பியனுக்குத் தடித்த சிவப்பு அலகு. பெரிய கொண்டை ஆலாவுக்கு மஞ்சள், சின்னக் கொண்டை ஆலாவுக்குச் செம்மஞ்சள். சின்ன ஆலா 25 சென்ரிமீற்றருக்கும் குறைந்த உடம்பு, படபடவென்று இறக்கை அடிக்கும்.

களப்பில் அதிகம் காணப்படும் மீசை ஆலா பொதுவாக விழாது. தாழப் பறந்து வந்து தண்ணீரின் மேல்தோலைக் கொத்திக்கொண்டு எழும்பும். கறுத்துத் தடித்த அலகு உள்ள பருத்த அலகு ஆலாவும் அப்படித்தான், சேற்றிலிருந்துகூட இரை பொறுக்கும். புதியவர்கள் இவற்றையும் பாய்ச்சல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். உடம்பு தண்ணீருக்குள் மறைந்ததா? மறைந்தால் மட்டும் கணக்கு.

செம்பருந்தும் விராலடிப்பானும் காலால் பிடிக்கும். மீன்கொத்தி அலகால் பாயும், ஆனால் உருவம் காட்டிக்கொடுத்துவிடும். நம்மூர்க் கூழைக்கடா நீந்திக்கொண்டே அள்ளும். அமெரிக்கக் கரையில் பாய்கிற கூழைக்கடா வேறு இனம், அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே தேட வேண்டாம்.

உயரத்திலிருந்து பாய்வதற்குப் பேர்போன கானெட் என்ற கடற்பறவையைத் தேடியும் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அதன் மூன்று இனங்களும் வட அத்திலாந்திக், தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா–நியூசிலாந்துப் பக்கத்துக் கடலுக்குரியவை. அதே குடும்பத்துப் பூபியில்தான் நமக்குப் பங்கு உண்டு: முகமூடிப் பூபி, பழுப்புப் பூபி, செங்கால் பூபி மூன்றும் இலங்கைக் கடலில் பதிவானவை.

2. காலமும் காற்றும்

களப்புக்கு நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். மேலிருந்து மீன் தெரியாவிட்டால் பறவை பாயாது, வேறு இடம் தேடிப் போய்விடும். மழை விட்டு மண் படிந்ததும் திரும்பி வரும்.

காற்றின் திசையைக் கவனிக்கச் சொன்னால் பலர் குளிருக்காகவோ படகுக்காகவோ சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். காரணம் வேறு. பறவை பாயும் முன் ஓரிடத்தில் நின்று அடிக்க வேண்டும் என்றால், காற்றை எதிர்கொண்டுதான் நிற்கும். காற்று உங்கள் முதுகிலிருந்து கடலை நோக்கி வீசினால் பறவையின் முகமும் அலகும் உங்கள் பக்கம். கடலிலிருந்து உங்கள் முகத்தில் அடித்தால் வாலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் காங்கேசன்துறை, கீரிமலை, பருத்தித்துறை போன்ற வடகரைக்குத் தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலம் நல்லது. காற்று தரைப் பக்கமிருந்து வரும், கரையோரத் தண்ணீர் அடங்கிக் கிடக்கும், மீன் தெரியும், பறவையும் முகம் காட்டும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் அதே கரை நுரை தள்ளிக்கொண்டு நிற்கும். நெடுந்தீவுப் பயணத்துக்கு இது நேர்மாறு, சோழகத்தில் அந்தக் கடல் உங்களை உலுக்கி எடுத்துவிடும்.

3. கொண்டுபோக வேண்டியவை

8x42 அளவுள்ள பைனாகுலர் ஒன்று (8 மடங்கு பெருப்பிக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீற்றர்). 10x வாங்காதீர்கள். அது கைநடுக்கத்தையும் பெருப்பித்துக் காட்டும், படகில் அறவே உதவாது. அதைவிட முக்கியம், 8x-இல் பார்க்கும் வட்டம் அகலமானது. விழுகிற பறவையைத் தொடர்ந்து பிடிக்க அகலம்தான் வேண்டும்.

ஒரு கொப்பி, பென்சில். பேனை உப்புக்காற்றில் ஈரமான தாளில் எழுதாது. பைனாகுலர் கண்ணாடியைத் துடைக்க மெல்லிய பருத்தித் துணி, அதை நனைக்க ஒரு சிறிய போத்தல் நல்ல தண்ணீர். உப்புப் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். புதியவர்களின் கண்ணாடி முதல் மாதமே கெட்டுப்போவது இதனால்தான்.

தொப்பி, குடிதண்ணீர், தேசிய அடையாள அட்டை. கரையோரத்தில் கடற்படை முகாம்கள் உள்ள இடங்களில் பைனாகுலரையோ கமராவையோ அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். யாராவது வந்து கேட்டால் கொப்பியைக் காட்டுங்கள். பறவைப் பெயரும் எண்ணிக்கையும் இருக்கிற கொப்பி நீண்ட விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

4. நிற்கும் இடத்தை வெயில் தீர்மானிக்கட்டும்

வெள்ளைப் பறவையை வெயிலுக்கு எதிரே பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும். அலகு நிறம் போய்விடும். அதோடு அடையாளமும் போய்விடும்.

பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர். காலையில் தீவுப் பக்கத்தைப் பார்த்து, மாலையில் நகரப் பக்கத்தைப் பார்த்து நில்லுங்கள். குறிகட்டுவானில் மேற்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்பதால் காலை நல்லது. மணற்காடு கிழக்கே திறந்த கரை, அங்கே காலையில் போனால் கண் கூசும், பிற்பகல் போங்கள். காங்கேசன்துறையும் காரைநகர் கசூரினாக் கடற்கரையும் வடக்கைப் பார்த்தவை. ஆண்டின் பெரும்பகுதி வெயில் முதுகிலோ பக்கவாட்டிலோ இருக்கும்.

பாலத்தில் வாகனம் வேகமாக வரும். வீதியோரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு அதன் மறுபக்கம், தண்ணீரோரமாக நில்லுங்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி ஓரடிகூட நடக்க வேண்டாம்.

5. பறவையைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

எல்லாரும் வந்தவுடன் வானத்தைப் பார்க்கிறார்கள். அரை மணித்தியாலம் போனதும் கழுத்து வலிக்கும், கண்டது ஒன்றும் இராது. முதல் 5 நிமிடம் பைனாகுலரைத் தொடாதீர்கள். வெறுங்கண்ணால் தண்ணீரைப் பாருங்கள்: எங்கே சிலிர்ப்பு எழுகிறது, எங்கே சிறுமீன் துள்ளுகிறது, எந்த இடத்துக்கு மேலே பறவைகள் மறுபடி மறுபடி வருகின்றன.

களப்பில் சிறகுவலைத் தடிகள் நல்ல குறி. தடிகளின் வரிசை மீனை ஒரு பக்கம் ஒதுக்கும். பறவைகளுக்கு அது தெரியும். தடியில் உட்கார்ந்து இறகு கோதுகிற ஆலாவையும் விடாதீர்கள், அலகு நிறத்தை ஆறுதலாகப் பார்க்க அது தருகிற வாய்ப்பு பறக்கிற பறவை தராது.

மண்டைதீவுப் பக்கம் ஒருமுறை, வலை பார்க்க வந்த பெரியவர் ஒருவர் நாங்கள் தூரத்தில் தேடிக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றார். “தம்பி, அங்க என்னத்தப் பாக்கிறியள்? இஞ்ச தடிக்குக் கிட்டப் பாருங்கோ, சூடை நிக்குது. இப்ப விழுவான்” என்றார். சொல்லி முடிய ஒரு கொண்டை ஆலா வந்து தடிக்கு மேலே நின்றது. எங்களிலிருந்து 15 மீற்றர் இராது. இறக்கை அடித்தபடி தலையை மட்டும் நேரே கீழே வளைத்தது. உடம்பு காற்றில் ஆடியது, தலை ஆடவில்லை. பிறகு ஒரு பக்கம் சரிந்து, இறக்கையைப் பின்னுக்கு இழுத்து விழுந்தது. சத்தம் ஒரு சிறுகல் விழுந்த அளவுதான். எழும்பியபோது அலகின் குறுக்கே வெள்ளி நிறத்தில் ஒரு சூடை மீன். பறந்துகொண்டே நாய் உதறுவதுபோல் உடம்பை ஒரு தடவை உதறியது, துளிகள் வெயிலில் தெறித்தன. “நன்றி ஐயா” என்று நாங்கள் திரும்பும்போது அவர் வலையடிக்குப் போய்விட்டார்.

அது தலையை நேரே கீழே வைத்ததற்குக் காரணம் உண்டு. சாய்வாகப் பார்த்தால் தண்ணீருக்குள் இருக்கும் மீன், இருக்கிற இடத்தைவிட்டு விலகித் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் அந்த விலகல் இராது.

6. ஒரு பாய்ச்சலை நான்காகப் பிரித்துப் பாருங்கள்

நிற்றல், விழுதல், மறைதல், எழும்பல். முழுவதையும் ஒரே தடவையில் பார்க்க முயல்வதுதான் புதியவர்கள் விடும் பெரிய பிழை. ஒரு பாய்ச்சல் சில செக்கனில் முடிந்துவிடும். அதனால் முதல் 20 பாய்ச்சலில் நிற்றலை மட்டும் பாருங்கள், அடுத்த 20-இல் விழுதலை மட்டும். இப்படிப் போனால் இரண்டு காலைப்பொழுதில் கண் பழகிவிடும்.

எழும்பலுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் பூபியையும் ஆலாவையும் பிரிக்கும் இடம் அதுதான். ஆலா ஒரு மீற்றருக்கும் குறைந்த ஆழம் போய், ஓரிரு செக்கனில் தண்ணீரிலிருந்து நேரே பறந்து எழும்பிவிடும். பூபி உடம்பு பாரம் கூடியது, பல மீற்றர் உள்ளே போகும். பெரும்பாலும் உள்ளேயே மீனை விழுங்கிவிட்டு மேலே வந்து மிதக்கும், பிறகு தண்ணீரை உதைத்து ஓடித்தான் பறக்கும். அலகின் குறுக்கே மீனைப் பிடித்தபடி கரைப் பக்கம் பறக்கிற பறவையைக் கண்டால், அது ஆலா என்று எடுத்துக்கொள்ளலாம்.

7. உயரத்தைக் கண்ணால் மதிக்காதீர்கள்

கடலில் உயரத்தை ஒப்பிட மரமோ வீடோ இல்லை. ஒரே பாய்ச்சலை ஒருவர் 5 மீற்றர் என்பார், பக்கத்தில் நிற்பவர் 20 என்பார். நேரத்தை அளந்தால் இந்தச் சண்டை வராது.

இறக்கை மடித்து விழும் பறவை, விழுகிற கல்லுக்குக் கிட்டத்தட்டச் சமம். 1 செக்கனில் 5 மீற்றர், ஒன்றரைச் செக்கனில் 11, 2 செக்கனில் 20, இரண்டரையில் 30. வாயால் எண்ணினால் பிழைக்கும். கைபேசியில் வீடியோ எடுத்து, பிறகு மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். சாதாரண வீடியோவில் 1 செக்கனுக்கு 30 படம். சரிந்த கணத்திலிருந்து தண்ணீர் தெறிக்கும் வரை 36 படம் என்றால் 1.2 செக்கன், உயரம் ஏறக்குறைய 7 மீற்றர்.

இந்தக் கணக்கு நேராக விழுகிற பாய்ச்சலுக்கு மட்டும். இறக்கையை விரித்துத் தடுத்துத் தடுத்து இறங்கினாலோ சாய்வாக வந்தாலோ செல்லாது. கொப்பியில் ‘சாய்வு’ என்று எழுதிவிட்டு உயரத்தை விட்டுவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க: 10 மீற்றரிலிருந்து விழுகிற ஆலா மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் தண்ணீரைத் தொடும். வட அத்திலாந்திக் கானெட் 30 மீற்றரிலிருந்தும் விழும், அது மணிக்கு 85 கிலோமீற்றரைத் தாண்டும். 3 கிலோ பறவை அந்த அடியைத் தாங்குவது, முகத்திலும் நெஞ்சிலும் தோலுக்கடியில் இருக்கும் காற்றுப் பைகளால்.

8. அங்கேயே எழுதுங்கள்

வீட்டுக்குப் போய் எழுதுகிறேன் என்றவர்களின் கொப்பியில் எல்லாப் பாய்ச்சலும் வெற்றியாகவே இருக்கும். வெறுமனே எழும்பிய பாய்ச்சல் மனதில் தங்காது.

20 நிமிடம் ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இனத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு கோடு, மீன் வந்தால் கோட்டுக்கு மேல் ஒரு புள்ளி. சரிந்து பாதியில் இறக்கை விரித்துத் திரும்பிவிட்டால் ஒரு வட்டம். இந்த வட்டங்களை விட்டுவிடாதீர்கள், தண்ணீர் கலங்கிய நாளில் அவை கூடும். இடம், நேரம், காற்று, தண்ணீர் தெளிவா கலங்கலா என்பதை மேலே முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

9. கரையில் காலடி

வடகரையிலும் மணற்காட்டிலும் ஆலாக் கூட்டம் மணலில் உட்கார்ந்திருக்கும். எல்லாப் பறவையும் காற்றைப் பார்த்தபடி ஒரே திசையில் நிற்கும். அருகே போய்ப் படம் எடுக்க ஆசை வரும். தலைகள் ஒன்றாக நிமிர்ந்தால் நீங்கள் ஏற்கெனவே கூடக் கிட்டப் போய்விட்டீர்கள், அப்படியே பின்னால் வாருங்கள். சும்மா எழுப்பிவிட்ட ஒவ்வொரு தடவையும் அது பிடித்த மீனின் பலம் வீணாகிறது.

வெயில் காலத்தில் மேட்டு மணலில் நடக்கும்போது தலைக்கு மேலே ஒரு சின்ன ஆலா கத்திக்கொண்டு சுற்றினால் நின்று, வந்த காலடியிலேயே திரும்புங்கள். அதன் முட்டை மணலில் சும்மா ஒரு பள்ளத்தில் மணல் நிறத்திலேயே கிடக்கும். மிதித்த பிறகுதான் தெரியும்.

10. படகில்

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு முதலில் போய்ப் பாருங்கள், குறுகிய பயணம். வயிறு தாங்கினால் பிறகு நெடுந்தீவு. அதற்கு ஒரு மணித்தியாலம் அளவில் கடலில் இருக்க வேண்டும். புறப்படும் நேரத்தை முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

கரையில் நிற்பவரின் கண்ணுக்கு அடிவானம் நாலரைக் கிலோமீற்றர்தான். அதற்கு அப்பால் தாழப் பறப்பது எதுவும் தெரியாது. படகில் போவதன் பயன் அந்த அடிவானத்தையும் சேர்த்து முன்னே தள்ளிக்கொண்டு போவது. அடிவானக் கோட்டைப் பைனாகுலரின் நடுவில் வைத்து மெதுவாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் இழுங்கள். பூபி அலைக்குச் சற்று மேலே பறக்கும் பழக்கமுள்ளது, வானத்தில் தேடினால் கிடைக்காது.

கோலா மீன் தண்ணீரிலிருந்து எழும்பிப் பறந்தால் அந்தப் பக்கம் சற்று நேரம் பாருங்கள். கீழிருந்து ஏதோ துரத்துகிறது என்று பொருள், மேலே பறவை வரக்கூடும். செங்கால் பூபிக்குக் கோலாவும் கணவாயும்தான் பிரதான இரை.

ஆசையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பூபி ஆழ்கடல் பறவை. பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. இலங்கையில் பூபி பெரும்பாலும் மேற்குக் கரையோரம், சோழகக் காலத்தில்தான் தென்படுகிறது.

11. ‘பூபி’ என்று எழுதுவதற்கு முன்

காங்கேசன்துறையில் ஒரு தங்கை “பழுப்புப் பூபி!” என்று கூவினாள். நாங்கள் ஆறு பேர் பார்த்தோம், நான்கு பேர் ஒத்துக்கொண்டார்கள். அது இளம் கடற்காகம் (ஆங்கிலத்தில் gull). முதல் ஆண்டில் அவையும் பழுப்பாகவே இருக்கும். அன்றிலிருந்து, பெயரைச் சொல்லும் முன் நான்கு கேள்விக்கும் விடை எழுதச் சொல்கிறேன்.

உடம்பு இரண்டு முனையிலும் கூரா? பூபியின் அலகும் வாலும் கூராக நீண்டு, நடுவில் உடம்பு சுருட்டுப்போல் இருக்கும். கடற்காகத்துக்கு வால் அகன்று விரியும்.

பறப்பு எப்படி? பூபி சில தடவை அடித்து, பிறகு இறக்கையை விறைப்பாக வைத்து மிதக்கும், மறுபடி அடிக்கும். பாயும் முன் ஆலாபோல் ஓரிடத்தில் நின்று படபடக்காது.

பழுப்பும் வெள்ளையும் எங்கே சந்திக்கின்றன? வளர்ந்த பழுப்புப் பூபியில் கரும்பழுப்பு நெஞ்சும் வெள்ளை வயிறும் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோட்டில் பிரியும். இளம் கடற்காகத்தில் அந்தக் கோடு இல்லை, புள்ளியும் திட்டுமாக இருக்கும். முகமூடிப் பூபி வெள்ளை உடம்பு, இறக்கையின் பின்னோரம் முழுவதும் கறுப்பு, அலகடியில் கறுத்த முகம். இளம் பூபிகள் மூன்றும் குழப்பும். ‘பூபி, இனம் தெரியாது’ என்று எழுதுவதில் குறைவு எதுவும் இல்லை.

விழுந்த பிறகு மிதந்ததா? ஆறாம் பகுதியில் சொன்னதுபோல், பூபி மிதக்கும், ஆலா நேரே எழும்பும்.

பருமனை விடையாக ஏற்க மாட்டேன். காஸ்பியன் ஆலா இறக்கை விரித்தால் 1.3 மீற்றர் வரும், பழுப்புப் பூபி அதைவிடச் சற்றுத்தான் கூட. தூரம் தெரியாத கடலில் இந்த வித்தியாசத்தைக் கண் காணாது.

12. கரையில் ஒதுங்கிய பூபியைக் கண்டால்

காற்றில் அடிபட்டுக் களைத்த கடற்பறவை சிலவேளை கரையில் ஒதுங்கும். கால் விரல் நான்கையும் ஒரே சவ்வு இணைத்திருந்தால் அது ஆலாவோ கடற்காகமோ அல்ல. பூபியாக இருக்கலாம். நீர்க்காகத்துக்கும் அப்படித்தான் கால், ஆனால் அதன் அலகு நுனி கொக்கியாக வளைந்திருக்கும், பூபிக்கு ஈட்டிபோல் நேராக இருக்கும்.

மனமிரங்கித் திரும்பக் கடலில் எறியாதீர்கள். பலமில்லாமல்தான் அது கரைக்கு வந்தது, எறிந்தால் மூழ்கும். நாய்களை விலக்குங்கள், பெரிய துவாயால் தலையோடு சேர்த்து மூடுங்கள், இருட்டானதும் அடங்கும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், அது கண்ணைக் குறிவைத்துக் குத்தும். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். 2022-இல் பறவைக் காய்ச்சல் வட அத்திலாந்திக் கானெட்டுகளைப் பெருந்தொகையாகக் கொன்றது, நோயுள்ள பறவையை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

அலகைக் கட்டாதீர்கள். குத்துகிறதே என்று ரப்பர் வளையம் போட்டுவிடுகிறார்கள். பூபிக்கும் கானெட்டுக்கும் வெளியே மூக்குத்துளை இல்லை. பாயும்போது தண்ணீர் ஏறாமலிருக்க அந்தத் துளை அடைபட்டு, அவை வாயோரத்தால்தான் மூச்சு விடுகின்றன. அலகைக் கட்டினால் உங்கள் கையிலேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றுவதும் மீனைத் திணிப்பதும் அதே காரணத்தால் கூடாது.

காற்றுத் துளையிட்ட பெரிய அட்டைப் பெட்டி, அடியில் பழந்துணி, நிழலான அமைதியான இடம். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காமல், பறவையைக் கண்ட இடம், நேரம், காற்றின் திசை மூன்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள். முதலில் கேட்கப்போவது அதுதான்.